தங்க இடம் தேடிய தொண்டைமான்

சித்திரை வெயில் புதுக்கோட்டையை எப்படி வாட்டும் என்பது அந்தச் சீமைக்காரர்களுக்குத் தெரியும். பாறையும் பொட்டலும் அனலாய்க் கொதிக்கும். ஏழை வேப்பமர நிழலில் துண்டை விரிப்பான். பணக்காரன் மலைக்குப் போவான். மன்னர்கள் கப்பல் ஏறினார்கள்.

கப்பல் ஏறிய மன்னர்களில் ஒருவர், உல்லாசப் பயணமாகக் கடல் கடந்து ஒரு தீவுக் கண்டத்துக்குப் போனார். சில மாதம் தங்கிவிட்டுத் திரும்பலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் அந்தப் பயணம் அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அதன் பிறகு எங்கே தங்குவது என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் அவர் கொடுத்த விலை ஒரு ராஜ்யம்!

அவர்தான் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்.

பத்து வயதில் பட்டம்

1875-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி அவர் பிறந்தார். அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் ராமச்சந்திரத் தொண்டைமான். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. ஆகவே மகள் வயிற்றுப் பேரனான மார்த்தாண்டனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்.

1886-ல் ராமச்சந்திரத் தொண்டைமான் காலமானார். பேரனுக்கு அப்போது பத்து வயதுதான். விளையாட்டுப் பருவத்திலேயே தலையில் பட்டம் ஏறியது.

சிறுவன் பெரியவன் ஆகும் வரை சமஸ்தானத்தைக் கட்டிக் காத்தவர் திவான் சேஷையா சாஸ்திரி. குளங்களை வெட்டினார். வீதிகளை நேராக்கினார். கச்சேரிக் கட்டடங்களை எழுப்பினார். புதுக்கோட்டை நகரம் அழகான நகரம் என்று பெயர் வாங்கியது அவர் கைவண்ணத்தால்தான்.

இளம் மன்னருக்குப் பாடம் சொல்லித்தர கிராஸ்லி என்ற ஆங்கில ஆசிரியர் வந்தார். ஆங்கிலம் மட்டுமல்ல, ஆங்கிலேயரின் நடை, உடை, பழக்கம், விளையாட்டு எல்லாமே சிறுவனோடு ஒட்டிக்கொண்டன. குலதெய்வம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், குருவோ சீமைத்துரை. இந்த இரண்டு உலகமும் அவருக்குள் சேர்ந்தே வளர்ந்தன.

1894-ல் அவர் முழு அதிகாரம் பெற்றார்.

நல்ல மன்னர்தான்!

புதுக்கோட்டை சிறிய சமஸ்தானம். பரப்பு 1,178 சதுர மைல். ஜனத்தொகை நான்கு லட்சத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அதற்குத் தனி நாணயம் உண்டு. அதுதான் அம்மன் காசு! ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம் பொறித்த சின்னஞ்சிறு செப்புக் காசு.

மார்த்தாண்டர் ஆட்சியில் 1902-ல் மக்கள் பிரதிநிதி சபை ஒன்று ஏற்பட்டது. 1910-ல் பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அது அரசாங்கத்தின் அருங்காட்சியகமாகி, செப்புச் சிலைகளைக் காணப் பலரை வரவழைத்தது.

ஆளத் தெரியாத மன்னர் அல்ல அவர். ஆனால் கால் ஓரிடத்தில் நிற்காது. ஐரோப்பாவுக்குப் பலமுறை போனார். குதிரைப் பந்தயம் என்றால் உயிர்.

வயது நாற்பதை நெருங்கியது. மன்னருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அரண்மனையில் எல்லாருக்கும் அதுதான் கவலை.

யுத்தம் திருப்பிய திசை

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. ஐரோப்பா தீப்பற்றி எரிந்தது. கடலுக்கு அடியில் நீர்மூழ்கிகள் வேட்டையாடின. லண்டனுக்கும் பாரிசுக்கும் உல்லாசமாகப் போகிற காலம் அல்ல அது.

அப்படியானால் வேறு எங்கே போவது?

தெற்கே, வெகு தூரத்தில், சண்டைச் சத்தம் கேட்காத ஆஸ்திரேலியா இருந்தது. அந்நாளில் நம் பக்கத்திலிருந்து அங்கே போகிறவர்களுக்குக் கொழும்புதான் வாசற்படி. கொழும்பில் கப்பல் ஏறினால், நிலம் கண்ணில் படாமல் பத்து நாள் போல நீலக்கடலில் மிதக்க வேண்டும். பிறகுதான் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை தென்படும்.

1915-ல் தொண்டைமான் ஆஸ்திரேலியாவில் இருந்தார்.

அது வினோதமான நாடு. நமக்குக் கோடை என்றால் அங்கே குளிர். நமக்கு மார்கழி என்றால் அங்கே வெயில். இன்னொரு வினோதமும் உண்டு. 1901-ல் அந்த நாடு ஒரு சட்டம் செய்திருந்தது. வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியேறக் கூடாது என்பதே அதன் நோக்கம். வருகிறவனிடம் ஏதாவது ஓர் ஐரோப்பிய பாஷையில் ஐம்பது வார்த்தைகளைச் சொல்லி எழுதச் சொல்வார்கள். தெரியாத பாஷையில் கேட்டால் யார் எழுத முடியும்? தவறினால் கப்பலில் திருப்பி அனுப்பிவிடலாம்!

கூலிக்குப் போகும் தமிழனுக்குத்தான் அந்தக் கதவு மூடியிருந்தது. கைநிறையப் பணத்தோடு ஓட்டலில் தங்க வரும் மன்னருக்குக் கதவு திறந்தது. விருந்தாளிக்கு ஒரு நியாயம், குடியேறுகிறவனுக்கு ஒரு நியாயம்!

நீல மலையில் மனம் பறிபோனது

ஆஸ்திரேலியாவில் மன்னர் ஒரு பெண்ணைக் கண்டார். பெயர் எஸ்மி மேரி பிங்க். எல்லாரும் அவளை மோலி என்று அழைத்தார்கள். மெல்போர்ன் நகரத்து வழக்கறிஞர் ஒருவரின் மகள். வயது இருபது. நல்ல அழகி. உடுத்துவதில் தேர்ந்தவள். நகைச்சுவையாகப் பேசுகிறவள்.

மன்னர் மனத்தைப் பறிகொடுத்தார்.

சிட்னிக்கு மேற்கே ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் பெயர் நீல மலைகள். யூகலிப்டஸ் மரக்காடுகள் அடர்ந்த மலை அது. தூரத்திலிருந்து பார்த்தால் நீலப்புகை படர்ந்ததுபோலத் தோன்றும். நம் ஊட்டியில் தைல வாசம் வீசும் அந்த மரங்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவைதான். நீலகிரியைத் தெரிந்த மன்னருக்கு அந்த மலை அந்நியமாகத் தோன்றியிராது.

மோலி போன இடமெல்லாம் மன்னரும் போனார். நீல மலைக்குப் போனார். மெல்போர்னுக்குப் போனார். மோலி உடனே இணங்கவில்லை. இருபது வயதுப் பெண், கடல் கடந்த தேசம், வேறு மதம், வேறு நிறம். தயங்கியதில் வியப்பில்லை. கடைசியில் அவள் சம்மதித்தாள்.

1915-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம் நடந்தது. மேளம் இல்லை, தாளம் இல்லை. புதுக்கோட்டையில் அது ஆடி மாதம். குடியானவன்கூட அந்த மாதத்தில் தன் வீட்டுப் பெண்ணுக்குத் தாலி கட்ட மாட்டான். அந்த ஆடியில்தான், மெல்போர்ன் குளிரில், சீமையின் மன்னர் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்!

அரளி விஷமா?

மணமக்கள் அமெரிக்காவுக்குப் போய்விட்டுப் பிறகு புதுக்கோட்டைக்கு வந்தார்கள். மக்கள் திரண்டு வரவேற்றார்கள். வெள்ளைக்கார ராணியைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

மக்கள் வரவேற்றார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இந்திய மன்னர்கள் வெள்ளைக்காரப் பெண்களை மணப்பது அரசாங்கத்துக்குப் பிடிக்காத காரியம். 1908-ல் கபுர்தலா மகாராஜா ஸ்பெயின் தேசத்து நடனப் பெண் அனிதாவை மணந்தபோதும் அதே கதைதான். புதுக்கோட்டை விஷயத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே அதிருப்தி கொண்டார். மோலியை ராணி என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ராணிக்கு உரிய மரியாதைப் பட்டமும் மறுக்கப்பட்டது. சென்னையில் துரைமார் வீட்டு விருந்துகளில் மோலிக்கு இடமில்லை.

தொண்டைமான்களுக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டுமா? ஐதர் அலி யுத்த காலத்திலும் அந்தப் பரம்பரை ஆங்கிலேயருக்குத் தோள் கொடுத்தது. 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்து, அந்தப் பழியையும் சுமந்தது. அவ்வளவு விசுவாசமும் ஒரு கல்யாணத்துக்கு முன்னால் செல்லாக்காசு ஆகிவிட்டது!

மோலி கர்ப்பவதி ஆனார். பிறகு திடீரென்று நோய் கண்டது. யாரோ அரளி விஷம் கொடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. பிள்ளை பிறந்தால் அது பட்டத்துக்கு வாரிசு ஆகும் அல்லவா? அந்தப் பிள்ளையை விரும்பாதவர்கள் அரண்மனைச் சுவர்களுக்குள்ளேயே இருக்கலாம் என்ற பயம் மன்னரைப் பிடித்தது. மோலி பிழைத்துக்கொண்டார். ஆனால் பயம் போகவில்லை.

சொந்த அரண்மனையில் சாப்பிடும் சோற்றைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டுமானால், அங்கே எப்படிக் குடியிருப்பது?

1916 ஏப்ரலில் இருவரும் மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இந்தத் தடவை அது உல்லாசப் பயணம் அல்ல.

சிட்னியில் பிறந்த பிள்ளை

1916 ஜூலை 22-ல் சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். அப்பன் பெயரும் பிறந்த ஊர்ப் பெயரும் சேர்ந்த பெயர்!

யுத்தம் முடியும் வரை மன்னர் குடும்பம் சிட்னியில் தங்கியது. மன்னரின் குதிரைகள் அங்கே பந்தயத்தில் ஓடின. விருந்துகள் நடந்தன. பத்திரிகைகளுக்குத் தீனி கிடைத்தது.

புதுக்கோட்டையிலோ குளமும் கண்மாயும் மழையை எதிர்பார்த்துக் கிடந்தன. குடியானவன் வரி கட்டினான். அந்த வரிப் பணத்தில்தான் சிட்னிச் செலவும் நடந்தது. மன்னர் எப்போது வருவார் என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. மனைவியும் பிள்ளையும் உயிரோடு இருக்க வேண்டுமே என்று நினைக்க மன்னருக்கும் உரிமை உண்டு. இந்த இரண்டு நியாயமும் ஒன்றோடு ஒன்று மோதின. சமாதானம் செய்துவைக்க யாரும் இல்லை. செய்துவைக்கக்கூடிய அரசாங்கத்துக்கோ அதில் விருப்பம் இல்லை.

ஆஸ்திரேலியாவே நிரந்தரமான வீடு ஆகவில்லை. யுத்தம் ஓய்ந்தது. கடல் பாதை திறந்தது. மன்னர் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார்.

பேரம்

மன்னருக்கு ஒரே ஆசை. தமக்குப் பின் மகன் சிட்னி பட்டத்துக்கு வரவேண்டும். ஆனால் வாரிசு யார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியது ஆங்கிலேய அரசாங்கம். அது மறுத்துவிட்டது. ஆஸ்திரேலியப் பெண் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குப் புதுக்கோட்டைப் பட்டம் கிடையாது என்பது முடிவு.

இனி மன்னருக்கு இருந்த வழி இரண்டு. மனைவியையும் மகனையும் ஒதுக்கிவிட்டு ஊருக்குத் திரும்பி, மன்னராக வாழலாம். அல்லது, ஆட்சியை வேறு கையில் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு வாழலாம்.

அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

1922-ல் சமஸ்தானத்தின் பொறுப்பு அவருடைய சகோதரர் ரகுநாதப் பல்லவராயரிடம் போயிற்று. அவர் ரீஜண்டாக இருந்து ஆண்டார். மார்த்தாண்டருக்கு மன்னர் என்ற பெயர் இருந்தது. ஈடாகப் பணமும் கிடைத்தது. ஆட்சி மட்டும் போய்விட்டது.

கடற்கரை மாளிகை

அந்தப் பணம் இருந்தது. எங்கே தங்குவது?

லண்டனில் தங்கலாம். ஆனால் அங்கே அரண்மனை இருக்கிறது. அரண்மனைக் கதவோ மோலிக்கு ராணி என்ற முறையில் திறக்காது. ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பலாம். ஆனால் அது உலகத்தின் அந்தக் கோடி. புதுக்கோட்டை இருக்கிறது. அங்கே அரளி இருக்கிறது!

பிரான்சின் தெற்குக் கரையில் கான் என்ற ஊர் உண்டு. மத்தியதரைக் கடலின் நீலநீர். எதிரே சிறு தீவுகள். வருஷம் முழுவதும் இதமான வெயில். முடி இழந்த மன்னர்களும், முடி இருந்தும் வேலை இல்லாத இளவரசர்களும், பணம் படைத்த சீமான்களும் கூடுகிற இடம் அது. அங்கே ஒருவன் பட்டம் செல்லுமா செல்லாதா என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. மன்னர் அங்கே ஒரு மாளிகை வாங்கினார். அதற்குப் பெயர் லா பேவரிட்.

மோலிக்குப் பிடித்த வாழ்க்கை அது. நடனம், நாகரிகம், விருந்து என்று நாட்கள் பறந்தன. புகழ்பெற்ற புகைப்படக்காரர் செசில் பீட்டன் அவருக்கு நண்பரானார். மெல்போர்ன் பெண், ஐரோப்பியச் சமூகத்தில் புதுக்கோட்டை ராணி என்றே பேர் பெற்றார். எந்தப் பட்டத்தை அரசாங்கம் கொடுக்க மறுத்ததோ, அதை ஊரார் வாய் கொடுத்துவிட்டது!

புதுக்கோட்டை மன்னர் கடலோரத்தில் காற்று வாங்கினார். அவருடைய சீமையில் கடல் கிடையாது. பிற்காலத்தில்தான் கோட்டைப்பட்டினம், மீமிசல் கரைகள் புதுக்கோட்டை மாவட்டத்தில் சேர்ந்தன.

உடலும் ஊர் திரும்பவில்லை

1928 மே 28-ந் தேதி பாரிசில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலமானார். வயது 52.

உயிரோடு இருந்தபோது ஊரில் தங்க முடியவில்லை. இறந்த பிறகாவது சொந்த மண்ணில் இடம் கிடைக்குமா? புதுக்கோட்டையில் தகனம் செய்ய இந்திய அரசாங்கம் அனுமதி தரவில்லை. லண்டனில், கோல்டர்ஸ் கிரீன் என்ற இடத்து மயானத்தில், இந்து முறைப்படி அவர் உடல் தகனம் ஆயிற்று.

நாற்பத்திரண்டு வருஷம் மன்னர் என்ற பெயரைச் சுமந்தவருக்கு ஆறடி மண் சொந்தச் சீமையில் கிடைக்கவில்லை!

அந்த ஆண்டிலேயே இன்னொரு அதிசயமும் நடந்தது. பட்டத்தைத் துறந்திருந்த இந்தூர் மகாராஜா துக்கோஜி ராவ் ஹோல்கர், நான்சி மில்லர் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். அவர் மார்த்தாண்டரைப் போல ஊரைவிட்டு ஓட வேண்டியிருக்கவில்லை. பட்டத்தை முன்பே கழற்றி வைத்துவிட்டார் அல்லவா!

பிறகு வந்தவர்

மகன் சிட்னிக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமானை அரசாங்கம் தேர்ந்தெடுத்தது. 1928 நவம்பரில் அவருக்கு முடிசூட்டு விழா நடந்தது.

புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததும் மார்த்தாண்டர் மறைந்த பிறகுதான். 1929-ல் திருச்சியிலிருந்து ரயில் ஓடியது. உலகத்தைச் சுற்றிய மன்னர், தம் ஊருக்குள் ரயில் நுழைந்ததைப் பார்க்கவில்லை.

1948 மார்ச்சில் ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். அது திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனபோது, மன்னர் மாளிகை கலெக்டர் ஆபீசாகியது. மனுக் கொடுக்க வரும் குடியானவன், தொண்டைமான் வீட்டு வாசற்படியில் தைரியமாக ஏறுகிறான்.

மோலி 1967-ல் கான் நகரில் காலமானார். கணவன் மறைந்து அப்போது முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

யார் குற்றம்?

மார்த்தாண்டர் தவறு செய்தாரா? ஊர்ப் பணத்தில் ஊரைவிட்டு வாழ்ந்தார். அது தவறுதான். மன்னன் குடிமக்கள் நடுவே இருக்க வேண்டியவன்.

ஆனால் கைப்பிடித்த பெண்ணைக் கைவிட்டுவிட்டு அரியணையில் உட்கார்ந்திருந்தால், அரசாங்கம் மெச்சியிருக்கும், பட்டங்களும் குவிந்திருக்கும். அதை அவர் செய்யவில்லை. அந்தக் கணக்கில் அவர் யோக்கியர்.

உல்லாசப் பயணம் போகிறவர்கள் எந்த ஓட்டலில் தங்கலாம், எந்த அறையிலிருந்து கடல் தெரியும் என்று விசாரிப்பார்கள். சில நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அப்பாடா என்று சொந்த வீட்டுத் திண்ணையில் உட்காருவார்கள். அந்தத் திண்ணை இருக்கிற தைரியத்தில்தான் எந்தத் தீவும் இனிக்கிறது.

புதுக்கோட்டை மன்னருக்குச் சிட்னி இருந்தது, லண்டன் இருந்தது, கான் நகரத்து மாளிகை இருந்தது. திரும்பி வந்து உட்காரத் திண்ணைதான் இல்லை!